தாங்கி வாசலில் யார் நிற்பது

என் மகனுக்கு,

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து சீனக்குடாவுக்குத் தபாலில் கடிதம் போடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் இருப்பவரோடு மழையைப் பற்றி ஒரு கதை தொடங்கினால், அது முடியுமுன் இறங்க வேண்டிய தூரம். அதற்குப் போய் முத்திரை வாங்கி நக்கி ஒட்டுகிறேன் என்று உன் அம்மா குசினிக்குள் இருந்து சிரிக்கிறா. சிரிக்கட்டும். நேரில் உன் பெண்சாதி வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் மாமா கதிரையைத் துடைத்துப் போடுவார். மாமி தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவருவா. நீ உன் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பாய். நானும் இரண்டு பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்கவைத்து, சொல்ல வந்ததை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். ஆகையால் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கும். விளங்காத இடத்தை உன் பெண்சாதியிடம் கொடு, அவ படித்தவ.

விசயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை உங்கள் எண்ணெய் யார்ட்டில் நெடுநாள் மூடிக் கிடந்த, பெற்றோல் தேக்கி வைக்கிற பெரிய தாங்கியைத் திறந்து கழுவப் போகிறீர்கள். மாமா உள்ளே போகிறார். நீ வாசலில், அதாவது ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்த வட்ட ஓட்டைக்கு வெளியே, அவரைக் கட்டியிருக்கிற கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போன கிழமை நீ வந்து இதைச் சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கலியாணப் பந்தலில்கூட நான் காணவில்லை. அந்த இடத்தை நான் உன்னிடமிருந்து பறித்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் மற்ற ஆட்களுக்கு முன்னால் கேள்விப்பட்டு உன் முகம் சுருங்கக் கூடாது, என் வாயாலேயே நீ அறிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். ஏன் பறித்தேன் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முதல் என் எரிச்சலைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதை விளங்கப்படுத்த ஏலாது.

நம் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் அப்படி உன் அம்மா வீட்டுக்கு வந்தவன்தான். நான் வந்த அன்று என் ஐயா வாசல் படலையில் நின்றது தெரியும். திரும்பிப் பார்த்தேனா என்று நினைவில்லை. நீயாவது திரும்பிப் பார்த்தாய். அதோடு நான் ஆறியிருக்கலாம். ஆனால் உனக்கு வாய்த்தவர் சும்மா மாமா இல்லையே! தாங்கி கழுவுகிற கூட்டத்துக்குக் கங்காணி. கலியாணச் சட்டையின் மடிப்புக் குலையுமுன் உன்னையும் அந்த வேலையில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வருகிறது நீயா அவரா என்று எனக்குச் சந்தேகம். வாயைத் திறந்தால் "மாமா சொன்னவர்." அம்மா புட்டை இறக்கி வைத்தால், "பொறுங்கோ அம்மா, முழங்கை மட்டும் கழுவாமல் சாப்பாட்டில கை வைக்கக் கூடாதெண்டு மாமா சொன்னவர்." நான் பீடியைப் பற்ற வைத்தால், "அப்பா, வேலைக் கையோட பீடியைத் தொட்டா கையில இருக்கிறதெல்லாம் வாய்க்குள்ள போகுமெண்டு மாமா சொன்னவர்." எனக்குப் பொறுக்கவில்லை. "உன்ர மாமா கக்கூசுக்குப் போறதுக்கும் சட்டம் வைச்சிருக்கிறாரோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவே இல்லை. "ஓம் அப்பா. போய் வந்த பிறகு மட்டுமில்லை, போக முதலும் கை கழுவ வேணுமாம்," என்றாய். உன் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் முதுகில் தட்டவேண்டி வந்தது. என் பகிடிக்குச் சிரிக்கிற மனிசி, அன்றைக்கு உன் மாமாவின் சட்டத்துக்குச் சிரித்தா. அதுவும் எனக்கு ஒரு எரிச்சல்.

பிறகு அந்தக் குளிப்பு விசயம். வேலை முடிந்து நீ நேரே நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. தலை ஈரமாய், சவர்க்கார வாசத்தோடு, உடுப்பு மாற்றித்தான் வருவாய். அம்மா ஒருநாள் வெடித்துவிட்டா. "அங்க குளிச்சு, அங்க உடுப்பு மாத்தி, அங்க தேத்தண்ணி குடிச்சிட்டு இஞ்ச வாறாய். எங்கட கிணத்தில தண்ணி வத்திப் போச்சோ?" நானும் கிடைத்தது சாட்டு என்று, "மாமி வீட்டுத் தண்ணி இனிக்குமாக்கும்," என்றேன். அப்போதுதான் நீ சொன்னாய், குளிப்பது மாமி வீட்டில் இல்லை, யார்ட் பைப்பில் என்று. பெற்றோல் தாங்கியின் அடியில் படிகிற சேற்றில் ஈயம் சேர்ந்த ஒரு மருந்து கிடக்குமாம். அதற்குப் புண் வேண்டாம், வாய் வேண்டாம், தோலாலேயே உள்ளே இறங்கி ஆளின் மூளையைக் கலக்கிவிடுமாம். உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தோய்க்கிறவருக்கும் அதுதானாம். "என்ர உடுப்பெண்டா நீங்கள்தானே அம்மா பறிச்சுத் தோய்க்க நிப்பியள்," என்றாய். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா. நான் அந்த இடத்தில் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதையும் அந்த மனிசன்தான் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்.

நானும் ஒன்றும் தெரியாதவன் இல்லையடா. துறைமுகத்து ஐஸ் பக்டரியில் நின்று தலை நரைத்தவன். குழாய்களுக்குள் ஓடுகிற அமோனியாவோடு உன் அம்மாவோடு இருந்ததைவிடக் கூடுதல் நேரம் குடும்பம் நடத்தியவன். அது கள்ளம் தெரியாத சாமான். ஒரு பொட்டுக் கசிந்தாலும், நான் வந்துவிட்டேன் நீ ஓடு என்று முகத்தில் அறைந்து சொல்லும். எந்த மூட்டில் கசிகிறது என்று பார்க்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் வழியே பிடித்துக்கொண்டு போவார்கள். கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். மற்றவர்கள் திரியைத் தேடி எடுக்குமுன் நான் மூக்காலேயே இடத்தைக் காட்டிவிடுவேன். சின்னக் கசிவென்றால் துவாயைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு போய் வால்வை மூடுவேன். அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம், ஈரத் துணியைக் கண்டால் அதிலேயே தங்கிவிடும். பெரிய கசிவென்றால் துவாயும் இல்லை, வீரமும் இல்லை. அது மேலே கிளம்புகிற காற்று. குனிந்து, நிலத்தோடு நிலமாய்த் தவழ்ந்து வெளியே வந்துவிட வேண்டும். இதெல்லாம் உனக்குப் பாடம். பள்ளிக்கூடத்தில் போய், "எங்கட அப்பாவைக் கண்டா காஸ் பயந்து ஓடும்," என்று நீ கதை அளந்ததை உன் வாத்தியாரே என்னிடம் வந்து சொன்னவர். அந்தக் காலத்தில் உன் வாயில் "அப்பா சொன்னவர்" தவிர வேறு பேச்சு வராது. நான் எதை இழந்துபோய் நிற்கிறேன் என்று இப்போது விளங்குகிறதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வந்தேனே, அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். முற்றத்து மணலில் நீ செத்தவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாய். உன் மார்பையும் தொடையையும் சுற்றிக் கயிறு. மாமா தூரத்தில் நின்று உன்னை இழுக்கிறார். பிறகு அவர் கிடக்கிறார், நீ இழுக்கிறாய். உன் பெண்சாதி படியில் இருந்து சிரிக்கிறா. நான் படலையிலேயே நின்றுவிட்டேன். சின்ன வயதில் என்னோடு கயிறிழுக்க வாடா என்றால் கை நோகும் என்று ஓடினவன் நீ.

"என்ன சம்மந்தி, என்ர மகனை ஆட்டுக்கடா மாதிரிக் கட்டி இழுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு விழுந்தவனை வெளியில நிண்டு எடுக்கப் பழகுறம் சம்மந்தி," என்றார் அவர், மணலைத் தட்டிக்கொண்டே. "வாசல்ல நிக்கிறவன் என்ன நடந்தாலும் உள்ளுக்குப் போகக் கூடாது. அவனும் போனா, எடுக்க வேண்டிய ஆள் ரெண்டு, எடுக்க ஆளில்லை."

"எங்கட பக்டரியில ஒருத்தன் விழ மற்றவன் பாத்துக்கொண்டு நிண்டா, அவனோட நாங்கள் தேத்தண்ணி குடிக்க மாட்டம்."

அவர் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோசம்! உள்ளே போய், காற்றுப் பார்க்கிற அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். றப்பர்க் குழாயைத் தாங்கிக்குள் விட்டு, றப்பர்ப் பந்தைக் கையால் அமுக்கினால், ஊசி ஆடி உள்ளே இருக்கிற காற்றின் குணத்தைச் சொல்லுமாம். "இதுக்குப் பற்றரி வேணும், என்ர மூக்குக்கு வேண்டாம்," என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் கண் என் மூக்கில் இல்லை, பெட்டியில் இருந்தது.

இனி சூசையின் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நீயும் அங்கே நின்றவன்தான். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. மாரிக்கு ஒதுங்கி, எஞ்சினும் பழுதாகி, ஒரு சம்மாட்டியின் பெரிய படகு ஐஸ் பக்டரிக்கு முன்னால் படகு கட்டுகிற பாலத்தடியில் கிடந்தது. அடியறையில் மிஞ்சிக் கிடந்த மீனை ஒருவரும் எடுக்கவில்லை. ஐஸ் கரைந்து, மீன் அழுகி, மேலே மூடியைப் போட்டு அதற்கு மேல் படங்கையும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். கடல் அடங்கின ஒருநாள், ஐஸ் ஏற்ற வேண்டும் என்று சம்மாட்டி வந்தார். படகில் வேலை செய்கிற சூசை அடியறையைக் கழுவ மூடியைத் திறந்தான். முட்டை அழுகின நாற்றம் பாலம் முழுக்க வந்தது. அன்று காலையில்தான் அவன் என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டான். மடியில் பெட்டி இருந்தும், பகிடிக்கு இல்லை என்று சொன்னனான். நீ அன்றைக்கு வந்தது என்னைப் பார்க்க இல்லை. உன் மச்சாளின் சடங்குக்குச் சர்பத்துக்கு ஐஸ் வாங்க. அதற்கும் எனக்கு எரிச்சல். ஐஸை உமியில் உருட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டே, "மாமா வீட்டுச் சர்பத்துக்கு ஐஸும் நாங்கள்தான், மாப்பிள்ளையும் நாங்கள்தான்," என்று உன்னைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

சூசை வாளியோடு இறங்கினான். வாளிக் கயிறு ஆடாமல் நின்றது. ஐஸ் கட்டி தள்ளிக்கொண்டு நின்ற கிண்ணியாக் காசிம் எட்டிப் பார்த்து, "டேய் சூசை! நித்திரையாடா?" என்று சத்தம் போட்டான். பதில் இல்லை. உனக்குத்தான் தெரியுமே காசிமை, ஆள் யாரென்று கேட்டு இரங்குகிறவன் இல்லை. "யா அல்லா" என்றுகொண்டு ஏணியில் இறங்கினவன், பாதியில் கையை விட்டான். ஒரு சாக்கு விழுகிற சத்தம். அவ்வளவுதான். நான் யோசித்து ஓடவில்லை, மகனே. துவாய் எப்போது ஐஸ் தண்ணீருக்குள் போனது, எப்போது என் மூக்கில் ஏறியது, எனக்குத் தெரியாது. கால் தானாகப் போனது. மூடிக்குக் கிட்டப் போய்க் குனிந்தேன். நாற்றம் பெரிதாய் இல்லை. காற்று நல்லாகிவிட்டது என்று ஒரு காலை உள்ளே வைக்கப் போனேன். பின்னாலிருந்து என் இடுப்பில் ஒரு பிடி விழுந்தது.

"விடடா! காசிம் கிடக்கிறான்!"

"அப்பா, துவாய் உதவாது! இது உங்கட காஸ் இல்லை!"

"நாத்தமே இல்லையடா, எனக்குத் தெரியாதே?"

"நாத்தம் போகேல்லை அப்பா, உங்கட மூக்குத்தான் செத்துப் போச்சு!"

என்னைத் தூக்கிப் படகின் பலகையில் மல்லாக்கப் போட்டாய். பெற்ற தகப்பனை! "சம்மாட்டி, இவரில ஏறி இருங்கோ, விடாதேங்கோ," என்றாய். அந்த மனிசனும் சந்தோசமாக என் நெஞ்சில் ஏறி இருந்தார். அவருடைய பாரத்துக்குக் கீழே கிடந்துகொண்டுதான் நான் அதைப் பார்த்தேன். வேறு ஒருவரும் பார்க்கவில்லை. நீ மூடிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தாய். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்த காசிம் கீழே முகம் குப்புறக் கிடக்கிறான். உன் வலது கால் ஏணியின் முதல் படிக்குப் போனது. போய், அந்தப் படியில் ஊன்றியது. பிறகு, யாரோ பிடுங்கி எடுத்ததுபோல அந்தக் காலை வெளியே எடுத்தாய். எடுத்துக்கொண்டு, "ஐஸ் கொக்கி! கொக்கியைக் கெதியாக் கொண்டு வாங்கோ!" என்று கத்தினாய்.

கப்பிக் கயிற்றில் ஐஸ் கட்டி இறக்குகிற கொக்கியைக் கட்டி, காற்று வருகிற பக்கமாய்ப் படுத்து, மூச்சை அங்கால் திருப்பி எடுத்து எடுத்து, நீ அதைக் கீழே விட்டாய். கிண்ணியா ஆட்கள் சாரத்துக்கு மேலே கட்டுகிற அந்த அகலமான தோல் பெல்ட், வெற்றிலையும் காசும் வைக்கிற பெல்ட், அதில் கொக்கி மாட்டியது. காசிம் இறால் மாதிரி வளைந்துகொண்டு மேலே வந்தான். அப்போதுதான் சம்மாட்டி என் நெஞ்சை விட்டு எழும்பினார். காசிமைப் பாலத்தில் போட்டு அமுக்கினோம். இருமினான், சத்தி எடுத்தான், உயிர் வந்தது. சூசையின் இடுப்பில் ஒரு பழஞ்சாரத் துண்டுதான். கொக்கி மாட்டுகிற இடமெல்லாம் துணி கிழிந்து கொக்கியோடு வந்தது. நீ திரும்பத் திரும்ப விட்டாய். பக்டரி விசிறியைக் கொண்டுவந்து உள்ளே காற்று அடித்து, கயிறு கட்டி ஒரு ஆள் இறங்கி எடுத்தபோது அவன் போய்விட்டான். சாரத்துக்கு மேலே ஒரு பெல்ட் கட்டாதவன் என்பதுதான் அவன் செய்த பிழை.

மீன் அழுகி வருகிற காற்று பாரமானதாம். தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் போய்த் தேங்கிக் கிடக்குமாம். முதலில் நாறும், பிறகு மூக்கை அடித்து மரக்கச் செய்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்குமாம். நான் உள்ளே விழுந்திருந்தால், எழும்பி மேலே போக முயன்றிருக்க மாட்டேன். பழக்கத்தில் இன்னும் குனிந்து, தவழ்ந்து, அதற்குள்ளேயே போயிருப்பேன். ஒரு சாமானை வாழ்நாள் முழுக்கப் படித்தவன், எல்லாச் சாமானும் அதுதான் என்று நினைத்துவிடுகிறான். நீ அந்த யார்ட்டில் எந்த மூடியைத் திறந்தாலும், எந்தப் பீப்பாயைத் தொட்டாலும், நேற்றுத் திறந்ததை மறந்துவிடு. இதற்குள் என்ன கிடந்தது, எவ்வளவு நாள் கிடந்தது, மேலே போகுமா கீழே கிடக்குமா என்று கேள். கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்காதே. சிரிக்கிறவர்களோடு சேர்ந்து நீயும் சிரி. பதில் வரும்வரை கையை மட்டும் வைக்காதே.

அன்று பாலத்தில் கூடி நின்ற சனம் என்ன கதைத்தது தெரியுமா? "ஆர் அந்தப் பொடியன்?" என்று ஒருவர் கேட்டார். "தெரியாதே? சீனக்குடாக் கங்காணியின்ர மருமகன்," என்று மற்றவர் சொன்னார். நான் அவர்களுக்கு நடுவில் ஈரத் துவாயோடு நிற்கிறேன்! காசிமைப் பார்க்க ஆசுப்பத்திரிக்குப் போனால் அவனும் விடவில்லை. "மச்சான், எனக்கு உசிர் தந்தது ரெண்டு பேர். ஒண்டு இந்த பெல்ட், மற்றது அந்தச் சீனக்குடாவார். அவர் பழக்காட்டி உன்ர பொடியன் எங்க, நான் எங்க," என்றான். "அப்ப நான்?" என்று கேட்டேன். "நீ எங்க வந்தாய்? உன்னை மகன் படுக்கப் போட்டிட்டான் எண்டெல்லோ கேள்வி," என்று இருமலுக்குள்ளும் சிரித்தான். நான் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து, சாப்பிடாமல் இருந்தேன். என்னைத் தூக்கிப் போட்ட அந்தக் கைக்குப் பலம் வந்தது அவருடைய கயிற்றில். என்னுடைய துவாயில் இல்லை. அவர் இல்லாவிட்டால் நான் மூன்றாவது ஆளாய்க் கிடந்திருப்பேன், என்னைப் பார்த்து நீ நாலாவதாய் வந்திருப்பாய். நன்றி சொல்ல வேண்டிய மனிசனில் எரிச்சல்படுகிறது இருக்கிறதே, அது பல்லுக்குள் மீன்முள் மாட்டின மாதிரி. வெளியே தெரியாது, மறக்கவும் விடாது.

அப்படி இருக்கும்போதுதான் நீ வந்து, திங்கட்கிழமை மாமா உள்ளே, நான் வாசலில் என்று சொன்னாய். "மாமா சொன்னவர், உன்னை விட நம்பிக்கையான ஆள் எனக்கு ஆருமில்லை எண்டு." அம்மாவுக்குப் பெருமை. நானும் தலையை ஆட்டினேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் வந்தது ஏணிப்படியில் ஊன்றிய உன் கால். காசிமுக்கே அந்தக் கால் போனது. போய்த் திரும்பியது. உன் மாமா கீழே கிடந்தால் திரும்புமா? அன்றைக்கு என்னைப் பிடிக்க நீ இருந்தாய். உன்னைப் பிடிக்க யார் இருப்பார்கள்? எரிச்சல்காரனுக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும் மகனே. யார் யாரில் எவ்வளவு உயிர் என்று எரிச்சல்காரன் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பான். நீ அவரில் வைத்திருக்கிற உயிரின் அளவு உன் பெண்சாதியைவிட எனக்குத்தான் தெரியும்.

ஆகையால், நேற்று நீங்கள் இரண்டு பேரும் படத்துக்குப் போன நேரம் பார்த்து நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மாமா தனியாய் முற்றத்தில் இருந்து புகையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சம்மந்தி, சொல்லாமல் கொள்ளாமல்?"

"உங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போக வந்தனான்."

அவர் சிரித்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை.

"திங்கட்கிழமை வாசல்ல என்ர மகனை நிப்பாட்டாதேங்கோ."

"ஏன்? அவனை விட நம்பிக்கையா ஆரை நிப்பாட்ட?"

"நீங்கள் விழுந்தா அவன் பாய்வான்."

"பாய மாட்டான். பெத்த தகப்பனையே பிடிச்சு நிப்பாட்டினவன்."

"என்னைப் பிடிச்சவன்தான். நான் அப்ப வெளியில நிண்டனான், கீழ கிடக்கேல்லை. கீழ ஆள் கிடக்க அவன்ர கால் எங்க போனது எண்டு நான் கண்டனான்." அந்தக் காலைப் பற்றி அவருக்குச் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். "உங்களில விருப்பம் இல்லாத ஒருத்தனை வாசல்ல வையுங்கோ சம்மந்தி. அவன்தான் நிண்ட இடத்தில நிண்டு கயிறை இழுப்பான்."

"எனக்கு அப்பிடி ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன். என்னை விட நல்ல ஆள் இந்தத் திருகோணமலையிலேயே கிடையாது. என்ன செய்ய, உங்கட யார்ட் என்னை எடுக்காது."

அவர் இருமுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு புகையிலையைக் கீழே வைத்தார். "நான் இதை யோசிக்கேல்லை சம்மந்தி," என்றார். "கயிறு, பெட்டி, காத்து எல்லாம் பாத்தனான். பிடிக்கிறவன்ர நெஞ்சைப் பாக்கேல்லை." பிறகு அவரே சொன்னார்: "எங்கட கூட்டத்தில ஒருத்தன் இருக்கிறான். வேலிச் சண்டையில எனக்கும் அவனுக்கும் கதை பேச்சில்லை. ஆனா வேலையில ஒரு சட்டமும் பிசக மாட்டான்."

"அவன்தான் உங்களுக்கு வாசல்."

"அவனிட்டப் போய் நான் கேக்க வேணுமே!"

"கேளுங்கோ. நான் உங்களிட்ட வந்து கேக்கேல்லையே?" என்றேன். "சரி, கேக்கிறன்," என்றார் அவர். அப்போதுதான் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். மாமி கொண்டுவந்த தேத்தண்ணியையும் குடித்தேன். நன்றாய்த்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆக, திங்கட்கிழமை உனக்கு வாசல் இல்லை. காற்று அடிக்கிற மெசினடியில் நிற்பாய். அங்கிருந்து தாங்கி தெரியும், ஓட்டை தெரியாது. மாமா வெளியே வரும்வரை உனக்கு நெஞ்சு இடிக்கும். இடிக்கட்டும். மெசினை நிற்கவிடாதே. இனிமேல் சொந்தக்காரன் உள்ளே இருக்கும்போது சொந்தக்காரன் வாசலில் நிற்பதில்லை என்று உங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் வைக்கப் போவதாக மாமா சொன்னார். ஒருநாள் நீ கங்காணியாகி, உனக்கு ஒரு மகனோ மருமகனோ அந்த வேலைக்கு வந்தால், நீயும் அப்படியே செய். உன்னில் உயிரை வைத்திருக்கிறவனை உனக்குக் காவல் வைக்காதே. நானே ஒரு பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தாலும் நீ மேலே நின்று கொக்கியைத் தேடு. என்னை எடுக்க முடியாவிட்டால், சூசையை எடுக்க முடியாமல் போனதுபோல என்னையும் எடுக்க முடியாமல் போகட்டும். நீ அந்தப் படியில் கால் வைக்காமல் இருந்தால், அதற்காக உன்னில் எனக்கு ஒரு குறையும் வராது.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கூட்டத்துக்கு முன்னால் உனக்குக் கிடைக்க இருந்த பெயரை நான் கெடுத்துவிட்டேன். மாமாவிடம் கோபிக்காதே, பிழை முழுக்க என்னுடையது. வேலை முடிந்து, யார்ட் பைப்பில் நன்றாய்க் குளித்துவிட்டு, நேரே இங்கே வந்து என்னைப் பேசு. அங்கே இருந்து கத்தினால் எனக்குக் கேட்காது. அம்மா அன்றைக்கு மீன் சொதி வைப்பதாகச் சொல்கிறா. மாமாவைக் கூட்டிக்கொண்டு வராதே.

சரி, கூட்டிக்கொண்டு வா. அவர் பத்திரமாய் வெளியே வந்ததை நானும் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் சாப்பிட இருக்கும்போது நீ என் பக்கத்தில் இரு.

உன் அப்பா